ரெண்டு டன் கோழி எரு

எங்க 407-க்கு எஞ்சின் வேலை முடிஞ்சு இன்னியோட 23 நாள் ஆகுது. ஓடின தூரம் 640 கிலோமீட்டர். வேலை முடிஞ்சா சாவியைத் திருகி, லோடு ஏத்திக்கிட்டுப் போக வேண்டியதுதானே, இதுல கணக்கு வச்சுக்க என்ன இருக்குன்னு நெனைப்பீங்க. டவுன்ல கார் வச்சிருக்கிறவங்களுக்கு எஞ்சின்ங்கிறது பானெட்டைத் திறந்தா தெரியற ஒரு பிளாஸ்டிக் மூடி. சர்வீசுக்கு விட்டா கழுவித் தொடச்சுக் குடுத்துடுவாங்க. இங்க அப்படி இல்லைங்க. பிரிச்சுக் கோத்த டீசல் எஞ்சினோட ஆயுசு கோத்தவர் கையில பாதி, அதுக்கப்புறம் ஓடற முதல் சில நூறு கிலோமீட்டர்ல பாதி. அந்த ரெண்டாவது பாதியை எப்படி ஓட்டறதுன்னுதான் எங்க சித்தப்பாவுக்கும் மேஸ்திரிக்கும் ஒரு வாரம் சண்டை.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடறேன். டாடா 407 வந்தது 1986-ல. எங்களுது அதுக்குப் பல வருசம் கழிச்சு வந்த பழைய எஞ்சின் வண்டி. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எஞ்சினுக்குப் பேரு 497. நாலு சிலிண்டர், ஒவ்வொண்ணும் 97 மில்லிமீட்டர் போர், அதைச் சேர்த்து எழுதினா 497, அவ்வளவுதான் பேரோட ரகசியம். பெரிய லாரியில வர்ற 697-ம் இதே கணக்குதான், ஆறு சிலிண்டர். 1954-ல இருந்து 1969 வரைக்கும் டாடாவுக்கும் ஜெர்மனிக்காரன் பென்ஸுக்கும் கூட்டு இருந்துச்சு. எங்க ஊர்ப் பெருசுக இன்னும் டாடா லாரியைப் பார்த்து ‘பென்சு’ன்னுதான் சொல்லுவாங்க. எங்க மேஸ்திரியும் அந்தப் பென்சு லாரிக்கடியில படுத்துத் தொழில் கத்துக்கிட்டவர்தான். இப்ப பட்டறையை மகன்கிட்ட விட்டுட்டு வீட்ல இருக்கார். காது கொஞ்சம் மந்தம். ஆனா நீள ஸ்குரூ டிரைவரோட முனையை எஞ்சின் மேல வச்சு, பிடியைக் காதுக்குப் பின்னால இருக்கிற எலும்புல ஒட்டி வச்சார்னா, உள்ள எந்த பேரிங் என்ன பேசுதுன்னு சொல்லிடுவார்.

நாலு வருசம் முன்னாடி இதே வண்டிக்கு ஒரு பட்டறையில எஞ்சின் வேலை பார்த்தோம். பேரு வேண்டாம். சாமான் எல்லாம் புதுசு, பில் எல்லாம் சரி. கோத்து முடிச்சதும் சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணி, ராத்திரி முழுக்க ஸ்லோவுலயே ஓட விட்டாங்க. ‘நல்லா பழகட்டுங்க, காலையில எடுத்துக்கங்க’ன்னாங்க. எங்களுக்கும் அது அக்கறையாத்தான் பட்டுச்சு. அன்னையில இருந்து அந்த எஞ்சின் ஆயில் குடிச்சுது. 1,000 கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டருக்குக் குறையாம ஊத்தினோம். சைலன்சர்ல நீலப்புகை, ப்ரீத்தர் குழாய்ல பீடி பிடிக்கிற மாதிரி மூச்சு. ரிங் மட்டம்னு ஒருத்தர், பிஸ்டன் மட்டம்னு ஒருத்தர் சொன்னாங்க. இந்த முறை மேஸ்திரி ஹெட்டைத் தூக்கிட்டு டார்ச் அடிச்சுக் காட்டினார். சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. எனக்கு அது அழகாத் தெரிஞ்சுது. அவர் நாக்கைத் தட்டினார். ‘இதுதான் கண்ணு வியாதி.’

அம்மி கொத்திப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். அம்மி மழுங்கிட்டா உளி வச்சுக் கொத்துவாங்க. கொத்தின உடனே மசாலா அரைக்க முடியாது. தவிடு, ஊற வச்ச அரிசின்னு போட்டு முதல்ல அரைச்சு எடுப்பாங்க. கல்லுல நீட்டிக்கிட்டு நிக்கிற துருவெல்லாம் உதிர்ந்து, அம்மியும் குழவியும் ஒண்ணுக்கு ஒண்ணு படியும். எஞ்சின்லயும் அதேதான். போர் பண்ணின சிலிண்டரை அப்படியே விடமாட்டாங்க. ஹோனிங் கல்லை விட்டுக் குறுக்கும் மறுக்குமா சன்னமான கீறல் போடுவாங்க. பாய் பின்னின மாதிரி தெரியும். அந்தக் கீறலோட பள்ளத்துல ஆயில் தங்கும், மேட்டுல ரிங் உரசும். உரசி உரசி மேடு தேஞ்சு, ரிங்கும் சுவரும் ஒரே உருவத்துக்கு வரணும். வந்துட்டா, மேல வெடிக்கிற வாயு கீழ இறங்காது, கீழ இருக்கிற ஆயில் மேல ஏறாது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குங்க. ரிங் சுவத்துல அழுந்தறது அதோட சொந்த ஸ்பிரிங் பலத்துல மட்டும் இல்ல. சிலிண்டர்ல டீசல் எரியும்போது வர்ற அழுத்தம் ரிங்குக்குப் பின்னால இருக்கிற சந்துக்குள்ள புகுந்து அதை வெளிய தள்ளும். பாரம் இருந்தாத்தான் டீசல் அதிகம், அதிகம் எரிஞ்சாத்தான் அழுத்தம், அழுத்தம் இருந்தாத்தான் உரசல். ஸ்லோவுல சும்மா ஓடினா அழுத்தம் இல்ல, சூடும் ஏறாது. ரிங்கு ஆயில் மேல வழுக்கிக்கிட்டே கிடக்கும். சுவத்துல மிச்சம் நிக்கிற ஆயில் அரைகுறையா வெந்து, வார்னீஷ் அடிச்ச மாதிரி கீறலோட பள்ளத்தை அடைச்சுடும். அப்புறம் நீங்க எவ்வளவு பாரம் ஏத்தினாலும் ரிங் படியாது. திரும்பப் பிரிச்சு ஹோன் பண்ணறதைத் தவிர வழியில்ல. எங்க எஞ்சினுக்கு நடந்தது அதுதான். அக்கறைன்னு நெனைச்சு ஒரே ராத்திரியில கண்ணாடி ஆக்கி வச்சிருந்தாங்க.

இந்த முறை ஒரு கறவை மாட்டை வித்த காசுலதான் வேலை நடந்துச்சு. எந்த மாடுன்னு என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க. அதோட தை பொறந்தா எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு பறிப்பு. ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைக்குப் போகணும். பறிச்ச கிழங்கு காத்திருக்காது. ரெண்டு மூணு நாள்ல உள்ள நீலம் கோடு ஓடிக் கெட ஆரம்பிச்சுடும். ஆலையில மாவுச்சத்தைப் பார்த்து பாயிண்ட் கணக்குல விலை. வண்டி வழியில படுத்தா எடையும் போச்சு, பாயிண்டும் போச்சு. அதனால பிளாக்கை மட்டும் லேத்துக்கு அனுப்பி போர், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங் வேலையை முடிச்சு வாங்கிக்கிட்டு, பம்ப்பையும் நாசிலையும் பம்ப் கடையில காட்டிட்டு, கோக்கிற வேலையை எங்க களத்துலயே வச்சுக்கிட்டோம்.

சித்தப்பா வாதம் லேசுப்பட்டது இல்ல. அவர் காளை பழக்கினவர். ‘ஏனப்பா, கன்னுக்காளைய முதல் நாளே பாரவண்டியில பூட்டுவியா? வெறுங்கட்டையை இழுக்க விட்டு, நுகத்தடி பழக்கி, அப்புறந்தானே வண்டி? இரும்புக்கும் அதே ஞாயந்தான்.’ மேஸ்திரி இதைச் சிரிச்சுத் தள்ளலை, அதுதான் எனக்குப் பிடிச்சது. ‘காளை வெறுங்கட்டை இழுத்தாலும் அதுக்குக் கால் பழகுதுங்க. இது சும்மா நின்னு ஓடினா எதுவும் பழகாதுங்க. தூங்கிக்கிட்டே கெட்டுப் போகும். ஆனா நீங்க சொல்றதுல பாதி சரி. ஒரே மூச்சா இழுக்க வைக்கக் கூடாது. இழுக்கணும், விடணும். இழுக்கணும், விடணும்.’ ‘அப்ப கொல்லிமலைக்கே ஏத்திடலாமா?’ன்னார் சித்தப்பா. 70 கொண்டை ஊசி வளைவு. மேஸ்திரி தலையாட்டலை. விடாம ஏர்ற ஏத்தத்துல எஞ்சினுக்கு ஆறறதுக்கு இடமே கிடையாது, புது ரிங் சூட்டுல உப்பிச் சுவத்தைக் கடிச்சுடும்னார்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால நடந்த வேலைதான் நீளம். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, டீசல் போகாம வெறும் செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடிச்சோம். ஆயில் கேஜ் முள்ளு அசையற வரைக்கும். கோக்கும்போது பேரிங்குக்கெல்லாம் ஆயில் தடவித்தான் கோத்தார், ஆனாலும் வழியெல்லாம் ஆயில் நிரம்பாம எஞ்சினை எழுப்பக் கூடாதுங்கிறது அவர் சட்டம். அப்புறம் ஹேண்ட் பம்ப் அடிச்சு டீசல் லைன்ல இருந்த ஏரை எடுத்தோம். அதுக்கப்புறம் ஏர் ஃபில்டர் குழாயைக் கழட்டிட்டு, என் கையில ஒரு பலகையைக் குடுத்து எஞ்சின் பக்கத்துல நிறுத்தினார். பம்ப் உள்ள ராக் சிக்கிக்கிச்சுன்னா டீசல் எஞ்சின் கட்டுமீறி வேகம் எடுத்துக்கிட்டே போகும். சாவியைத் திருப்பினா நிக்காது, ஏன்னா அதுக்குக் கரண்டே தேவையில்ல. ஸ்டாப் கேபிளும் உதவலைன்னா காத்தை அடைச்சாத்தான் நிக்கும். ‘பலகையை வச்சு அடை. கையை வச்சுறாத, இழுத்துக்கும்’னார். மூணாவது அடியில எஞ்சின் பிடிச்சுது. ஒழுங்கா நின்னு ஓடுச்சு. பலகை தேவைப்படலை. என் கை நடுக்கம் நிக்கத்தான் நேரம் ஆச்சு.

ஸ்லோவுல ஓடவிடலை, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தூக்கி வச்சார். ஆயில் பிரஷர் பார்த்தாச்சு, தண்ணி ஒழுகுதான்னு பார்த்தாச்சு, டீசல் பைப் ஒவ்வொண்ணையும் தடவிப் பார்த்தாச்சு. பத்து நிமிசம் இருக்கும். ‘போதும், நிறுத்து. இனி ரோட்லதான்.’

இந்த இடத்துல தெர்மோஸ்டாட் வால்வைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல பாதிப் பேர் வேலைக்கு வர்ற வண்டியில முதல்ல அதைத்தான் கழட்டி வீசுவாங்க. ‘இந்த வெயிலுக்கு அது எதுக்குங்க, எஞ்சின் கூலா ஓடட்டும்.’ டீசல் எஞ்சின் கூலா ஓடினா டீசல் முழுசா எரியாது, எரியாத டீசல் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிடும், தேய்மானம் ஜாஸ்தி. எங்க பழைய எஞ்சின்லயும் வால்வு இல்ல. மேஸ்திரி புதுசு வாங்கிட்டு வரச் சொன்னார். அதையும் நம்பாம, அடுப்புல தண்ணி கொதிக்க வச்சு வால்வை நூல்ல கட்டி உள்ள விட்டுப் பார்த்தோம். தண்ணி நல்லா சுட்டதும் பூ விரியற மாதிரி மெல்லத் திறந்துச்சு. பால் காய்ச்சற குண்டாவை எடுத்ததுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதையை இங்க எழுத முடியாது.

மறுநாள் பாரம். 14 கிலோமீட்டர் தள்ளி ஒரு கோழிப்பண்ணை. கீழக்காட்டுக்கு எரு அடிக்க வேண்டியது எப்படியும் இருந்துச்சு. நாமக்கல் பக்கம் எருவுக்குப் பஞ்சமில்ல. ரெண்டு டன் கோழி எரு ஏத்தினோம். வர்ற வழியில ரெண்டு நீண்ட ஏத்தம் இருக்கு. மேஸ்திரி பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டார். மூணாவது கியர்ல ஏத்தத்தோட அடியில இருந்து நல்லா மிதிச்சு ஏத்தணும், வேகம் ஒரு அளவுக்கு வந்ததும் காலை எடுத்துடணும், கியர்லயே தானா வேகம் குறையட்டும், திரும்ப மிதி. கத்த விடவும் கூடாது, மேல் கியர்ல திணற விடவும் கூடாது. திணறும்போதுதான் ஆயில் பிரஷர் கம்மி, பேரிங்குக்கு அடி ஜாஸ்தி. மட்டமான ரோட்ல ஒரே வேகத்துல மணிக்கணக்கா போகவும் வேண்டாம்னார். பின்னால வந்த பைக்காரங்க என்னைக் குடிகாரன்னு நெனைச்சிருப்பாங்க. கோழி எரு வாசனை வேற.

ரிங் படியுதா இல்லையான்னு பார்க்க மேஸ்திரிகிட்ட ஒரு சோதனை இருக்கு. காசு செலவில்லாதது. எஞ்சின் சூடா ஓடிக்கிட்டிருக்கும்போது ஆயில் ஊத்தற மூடியைத் திருகிக் கழட்டி, தலைகீழாத் திருப்பி அந்த வாய் மேலயே சும்மா வைக்கணும். ரிங்கைத் தாண்டி வாயு கீழ இறங்கினா மூடி ஆடும். ரொம்ப இறங்கினா எகிறி விழும். பழைய எஞ்சின்ல மூடி நிக்கவே நிக்காது. இதுல முதல் நாள் தாயக்கட்டை மாதிரி கடகடன்னு ஆடுச்சு. சித்தப்பா என்னைப் பார்த்தார், பேசலை. நாலாவது லோடு முடிஞ்சு பார்த்தப்ப ஆட்டம் குறைஞ்சிருந்துச்சு. எட்டாவது லோடுக்கு நடுக்கம் மட்டும். டீசல் எஞ்சின்ல அந்த நடுக்கம் எப்பவும் இருக்கும், அது கணக்குல சேராது.

சண்டையோட ரெண்டாவது பாகம் பம்ப்ல வந்துச்சு. 300 கிலோமீட்டர் தாண்டினப்ப சித்தப்பா, வண்டி இழுவை பத்தலை, பம்ப் ஸ்குரூவைக் கொஞ்சம் திருகி விடுன்னார். டீசல் அளவை நிர்ணயிக்கிற அந்த ஸ்குரூ மேல பம்ப் கடைக்காரர் ஈய சீல் வச்சு அனுப்புவார். டிரைவருங்க முதல் வேலையா அதைத்தான் உடைப்பாங்க. திருகினா இழுவை வரத்தான் செய்யும், கூடவே கரும்புகையும் வரும். டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கிற காத்துக்கு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல ஊத்தற டீசல் கரியாவும் சூடாவும்தான் போகும். புது பிஸ்டனுக்கு அந்தச் சூடு ஆகாது. மேஸ்திரி புகையைத்தான் முதல்ல பார்த்தார். கருப்பு இல்ல. நீலம் மூணாவது நாளே போயிருந்துச்சு. காலையில மட்டும் வெள்ளைப்புகை கொஞ்ச நேரம் கூடவே நின்னுச்சு. ‘டீசல் பத்தாம இல்லீங்க. நேரம் பிந்துது’ன்னார்.

ஒண்ணாம் நம்பர் நாசில் பைப்பைக் கழட்டி, டெலிவரி வால்வோட உள் சாமானை எடுத்துட்டு, வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்ச சின்ன பைப்பை மாட்டினார். ஆக்சிலேட்டர் லீவரை முழுசா இழுத்துக் கட்டினார். நான் ஹேண்ட் பம்ப் அடிக்க, பைப் வாயில டீசல் கம்பியா ஒழுகுச்சு. அவர் கிராங்க் புல்லியை ஓடற திசையிலயே மெல்லத் திருப்பிக்கிட்டு வந்தார். கம்பி சொட்டா மாறி, சொட்டும் நின்னுச்சு. அந்த நொடியிலதான் பம்ப் டீசலை அழுத்த ஆரம்பிக்குது. புல்லிக் கோடு குறியைத் தாண்டிப் போயிருந்துச்சு. முதல்ல வச்சப்ப போல்ட் இறுக்கையில பம்ப் ஒரு இழை நகர்ந்திருக்கும்னு அவரே சொன்னார். போல்ட்டைத் தளர்த்தி, பம்ப்பை நகம் அளவு சாய்ச்சு, மறுபடி சொட்டுப் பார்த்தார். மூணு தடவை. ரொம்ப முந்த வச்சா எஞ்சின் ஆணி அடிக்கிற மாதிரி தட்டும், பிஸ்டன் தலையில அடி விழும். அதனால காதுக்கு ஸ்குரூ டிரைவரை வச்சுக் கேட்டுட்டுத்தான் எழுந்தார். அடுத்த லோடு ஏத்தத்துல மூணாவது கியர் கேட்ட இடத்துல நாலாவதுலயே ஏறிடுச்சு. ஈய சீல் இன்னும் உடையாம இருக்கு. சித்தப்பா தினம் அதை ஒரு பார்வை பார்க்கத்தான் செய்யறார்.

500 கிலோமீட்டர்ல முதல் ஆயில் மாத்தினோம். சாதா மினரல் ஆயில், 15 டபிள்யூ 40. ரிங் படியற வரைக்கும் வழவழப்பு அதிகமான விலை கூடின ஆயில் வேண்டாம்னுட்டார் மேஸ்திரி. கழட்டின ஃபில்டரைத் தூக்கிப் போடாம, அறுத்து உள்ள இருக்கிற காகித மடிப்பை வெயில்ல விரிச்சோம். சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா அது தேஞ்சு படிஞ்ச பொடி, பயமில்ல. செதில் செதிலா மின்னினா பயம். காந்தம் வச்சா ஒட்டறது இரும்பு. ஒட்டாம மின்னறது பேரிங்கோட உலோகம், அது இன்னும் பெரிய பயம். எங்களுது மை மட்டும். சித்தப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு மடிப்பா விரல்ல தேய்ச்சுப் பார்த்தார். அம்மா வந்து ‘என்ன, ஜாதகமா?’ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

எஞ்சினை ஆறவிட்டு ஹெட் போல்ட்டை நடுவுல இருந்து வெளிப்பக்கமா வரிசை மாறாம டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கினார். ஹெட் ஒரு இழை அமுங்கினா டாப்பெட் இடைவெளியும் மாறிடும், அதனால அதுக்கப்புறம்தான் டாப்பெட். ஒண்ணும் நாலும் ஜோடி, ரெண்டும் மூணும் ஜோடி. நாலாவது சிலிண்டர்ல ஒரு வால்வு மூடி இன்னொண்ணு திறக்கிற இடத்துல நிறுத்தினா, ஒண்ணாவதுல ரெண்டும் மூடியிருக்கும், அங்க கேஜ் தகடை விட்டு வச்சுக்கலாம். இது நான் கையால செஞ்சேன். தகடு சந்துல போறப்ப வெண்ணெயில கத்தி போகக் கூடாது, தேங்காயில கத்தி போகவும் கூடாது, நடுவுலன்னார். எட்டு வால்வுக்கு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிட்டேன். அவருக்கு இருபது நிமிச வேலை.

ஆயில் மாத்தி 140 கிலோமீட்டர் ஓடியிருக்கு. குச்சியை எடுத்துப் பார்த்தா மேல் கோட்டுலயேதான் ஆயில் நிக்குது. பழைய எஞ்சின்னா இந்த தூரத்துக்கே கோடு இறங்கியிருக்கும். 1,000 தாண்டினதும் இன்னொரு தடவை டாப்பெட் பார்க்கணும். கிளம்பறப்ப ஸ்லோ கொஞ்சம் தடுமாறுது, அதையும் சரி பண்ணணும். வர்ற புதன்கிழமை ஆலையில நமக்கு முறை சொல்லியிருக்காங்க, செவ்வாய்க்கிழமை ஆள் விட்டுக் கிழங்கு பறிக்கணும். ‘ரெண்டு டன்னா, ரெண்டரையா?’ன்னு சித்தப்பா போன்ல மேஸ்திரியைக் கேட்டார். காது மந்தம்னாலும் அது மட்டும் அவருக்கு முதல் தடவையே கேட்டுடுச்சு. ரெண்டுன்னுட்டு போனை வச்சுட்டார்.